கீமோ நாட்காட்டியும் எழுத்து மேசையும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது குடும்பத்தையும் படைப்பு வேலையையும் நடத்திச் செல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில் நான் முதலில் செய்த காரியம் கால அட்டவணை போட்டதுதான். காலை ஐந்து முதல் ஏழு வரை எழுத்து, ஏழு முதல் ஒன்பது வரை பிள்ளைகள், மாலையில் ஓவியம், இரவில் வீட்டுக் கணக்கு என்று நான்கு நிறப் பேனாக்களால் கோடு போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். முதல் கீமோ முடிந்த நான்காம் நாள் அந்த ஃப்ரிட்ஜ் வரை நடந்து போவதற்கே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எதிரே அந்தத் தாள் கடன்காரனைப் போல நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது சுற்று முடிந்த பிறகே பிழை பிடிபட்டது. நான் நாளைப் பங்கு போட்டிருந்தேன். பங்கு போட வேண்டியது ஒரு கீமோவிலிருந்து அடுத்த கீமோ வரையிலான சிகிச்சைச் சுற்றை. ஒரே நாளுக்குள் தாயாகவும் எழுத்தாளராகவும் நோயாளியாகவும் சரிசமமாக இருக்க முயல்கிறவர் மூன்றிலும் தோற்றதாக நினைத்து அழுவார். மூன்று வாரத்தை மொத்தமாகக் கையில் எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

எழுதுபவர், வரைபவர், பாடுபவர், இசைக்கருவி வாசிப்பவர், தைப்பவர், படம் எடுப்பவர் என எதையாவது உண்டாக்கிக்கொண்டே குடும்பத்தையும் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் ஆண் என்பதால் அவர்களும் இதில் அடக்கம். மருந்து பற்றிய முடிவுகள் உங்கள் மருத்துவருடையவை. அவை வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

முதல் படி: சிகிச்சைத் திட்டத்தை உங்கள் வேலையின் மொழியில் கேட்டு வாங்குங்கள்

சிலருக்கு அறுவை சிகிச்சை முதலில் நடக்கும், கீமோ பிறகு வரும். கட்டி பெரிதாக இருந்தாலோ நோயின் வகையைப் பொறுத்தோ கீமோவை முன்னால் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகு அறுவை செய்வதும் உண்டு. சிலருக்குக் கீமோவே தேவைப்படுவதில்லை. ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருக்கும் வகையாக இருந்தால் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டுக்குத் தொடரும். இடையிடையே இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். ஹார்மோன் ஏற்பிகள் உள்ள, அதாவது ஹார்மோனால் வளரும் வகையாக இருந்தால் அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரை போகும். இவை ஒவ்வொன்றும் நம்மிடம் வேறு வேறு விலை கேட்கின்றன. அறுவை கையைக் கேட்கிறது. கீமோ நாட்களைக் கேட்கிறது. ரேடியேஷன் தினமும் போய்வரும் நேரத்தைக் கேட்கிறது. ஹார்மோன் மாத்திரை மூட்டுகளையும் தூக்கத்தையும் கேட்கிறது. எது எந்த மாதத்தில் வருகிறது என்று தெரியாமல் போடும் எந்தத் திட்டமும் என் ஃப்ரிட்ஜ் தாளின் கதியைத்தான் அடையும்.

மருத்துவரிடம் ‘எப்போது வேலைக்குத் திரும்பலாம்’ என்று பொதுவாகக் கேட்டால், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவரை மனத்தில் வைத்துத்தான் பதில் வரும். ஆகவே உங்கள் உடல் அசைவைச் சொல்லிக் கேளுங்கள். ‘நான் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வைத்து இரண்டு மணி நேரம் வரைவேன், அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு அது எப்போது முடியும்?’ என்று கேட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் எப்போது அனுப்புவது என்பது வரை பேச்சு நீளும். கிட்டார் வாசிப்பவர், வயலினைத் தோளில் வைப்பவர், கேமராவைக் கழுத்தில் தொங்கவிடுபவர் கீமோ போர்ட் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவி) பொருத்துவதற்கு முன்பே பட்டை எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லிவிட வேண்டும். போர்ட்டைப் பெரும்பாலும் நோய் இல்லாத பக்கத்து மார்பில்தான் வைப்பார்கள் என்றாலும், அதற்குள்ளேயே ஓரிரு விரற்கடை தள்ளி வைக்க இடம் இருக்கக்கூடும். பாடுபவர்கள் அறுவைக்கு முன்பு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் தாம் பாடகர் என்பதைச் சொல்வது நல்லது, ஏனெனில் மூச்சுக்குழாயில் குழாய் இறக்கிய பிறகு சில நாட்கள் குரல் கரகரப்பது சாதாரணம். விரல்களால் பிழைப்பவர்கள், தமக்குத் தரப்போவது பாக்லிடாக்செல் அல்லது டோசிடாக்செல் வகை மருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: முதல் சுற்றில் எதையும் சாதிக்க முயலாமல் குறித்து மட்டும் வையுங்கள்

கீமோ பல வேகங்களில் வருகிறது. 21 நாளுக்கு ஒருமுறை, 14 நாளுக்கு ஒருமுறை, அல்லது வாரந்தோறும் என்று 12 வாரம். முதல் சுற்றில் உங்கள் உடல் எந்த நாளில் என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும்தான். ஆகவே ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு மாலையும் மூன்றே எண்கள் எழுதுங்கள்: உடல், மனம், கை. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. விளக்கம் வேண்டாம், களைத்துப் போனவர் விளக்கம் எழுத மாட்டார், எண்ணை எழுதிவிடுவார். சுற்று முடிந்ததும் அந்த மூன்று வரிசைகளும் ஒரு வடிவத்தைக் காட்டும்.

என் 21 நாள் சுற்று காட்டிய வடிவம் பலருக்கும் பொருந்தக்கூடியது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று நாட்கள் ஸ்டீராய்டு நாட்கள். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க மருந்துடன் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பார்கள். அது தூக்கத்தை விரட்டிவிட்டுப் பொய்யான ஒரு தெம்பைக் கொடுக்கும். முதல் கீமோவுக்கு மறுநாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, வாழ்நாளின் சிறந்த கதையை எழுதுகிறேன் என்ற நம்பிக்கையுடன் ஒன்பது பக்கம் எழுதி, விடிவதற்குள் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியும் விட்டேன். பத்து நாள் கழித்துப் படித்தபோது கதாநாயகிக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாம் பக்கத்தில் இறந்த தாய் ஆறாம் பக்கத்தில் கதவைத் திறந்தாள். அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: ஸ்டீராய்டு இரவில் எழுதியது பத்தாம் நாள்வரை வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. எழுதுங்கள், வரையுங்கள், தடையில்லை, அனுப்பாதீர்கள். கோபக் கடிதங்களுக்கும் உறவினருக்கு எழுதும் நீண்ட செய்திகளுக்கும் இதே சட்டம்தான்.

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை சரிவு. ஸ்டீராய்டு இறங்கும், குமட்டல் இருக்கும், எலும்பு வலிக்கும், வார்த்தை நாக்கில் நிற்கும். இவை படுக்கைக்கு உரிய நாட்கள். இவற்றில் படைப்பு வேலையையோ குடும்பத்தின் பெரிய முடிவுகளையோ வைக்காதீர்கள். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை விசித்திரமான ஒரு காலம். தெம்பு மெல்லத் திரும்பும், ஆனால் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அந்த நாட்களில்தான் அடிமட்டத்தில் இருக்கும். கூட்டத்துக்குப் போகக் கூடாது, சளி பிடித்தவரை அருகில் விடக் கூடாது. நலம் விசாரிக்க வருகிறவர்களைத் தடுக்க மருத்துவக் காரணம் கையில் இருக்கிறது, உடம்பில் கொஞ்சம் தெம்பும் இருக்கிறது, கதவை மூடி உட்காரலாம். படைப்பு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வாரம் சுற்றில் வேறு இல்லை. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு எண்ணிக்கை ஏறும், உடலும் ஏறும். அந்தக் கடைசி வாரத்தைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். பள்ளிக்கூடக் கூட்டம், பிறந்தநாள், ஒரு நாள் பயணம், கணவருடன் காலாற ஒரு நடை, எல்லாம் அங்கே.

ஆக, முதல் வாரம் உடலுக்கு, இரண்டாம் வாரம் மேசைக்கு, மூன்றாம் வாரம் வீட்டுக்கு. வாரந்தோறும் மருந்து ஏற்றுகிறவர்களுக்கு இதே வடிவம் ஏழு நாளுக்குள் சுருங்கும்; மேசைக்கு இரண்டு நாள் கிடைத்தாலும் போதும் என்று இருங்கள். சுற்றுகள் கூடக்கூடக் களைப்பும் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், நான்காம் சுற்றில் முதல் சுற்றின் வேலையளவை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள். கீமோ காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், இரவு எத்தனை மணியானாலும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காய்ச்சலை மறைக்கக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கிற அத்தியாயம் முடியட்டும் என்று காத்திருப்பதும் கூடாது. நான் ஒருமுறை காத்திருந்தேன், அதற்கு ஐந்து நாள் மருத்துவமனைப் படுக்கையைக் கொடுத்தேன்.

மூன்றாம் படி: பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பெரியவர்களிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று நாங்கள் முதல் பத்து நாள் மறைத்தோம். பதின்மூன்று வயது மகள் மருந்துச் சீட்டைப் படித்துத் தானாகவே கண்டுபிடித்துவிட்டிருந்தாள். ஆறு வயது மகன் வேறு மாதிரி கண்டுபிடித்திருந்தான். ஒரு மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘அம்மா, நான் அன்னைக்குத் தலையால உன் நெஞ்சுல முட்டினேன்ல, அதனாலயா?’ என்று கேட்டான். பத்து நாட்களாக அந்தப் பாரத்தை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான். சிறு பிள்ளைகளிடம் நோயின் பெயரையே சொல்லுங்கள். ‘உடம்பு சரியில்லை’ என்று சொன்னால் அடுத்த முறை யாருக்குச் சளி பிடித்தாலும் பயப்படுவார்கள். உன்னால் வரவில்லை, உனக்கு ஒட்டிக்கொள்ளாது, உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னார் இருக்கிறார் என்ற மூன்றும் அவர்கள் காதில் பலமுறை விழ வேண்டும். முடி கொட்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்; டாக்சோரூபிசின் போன்ற மருந்துகளில் அது முதல் தடவையிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கிவிடும். அந்தச் சிவப்பு மருந்து ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போவதையும் வீட்டாரிடம் சொல்லிவைத்தால் கழிவறையில் யாரும் அலற மாட்டார்கள்.

கட்டிப்பிடிக்கலாமா, மடியில் வைக்கலாமா என்ற சந்தேகம் வரும். தாராளமாகச் செய்யலாம். வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷனால் உங்கள் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. கீமோவுக்குப் பிறகு பெரும்பாலும் 48 மணி நேரம்வரை சிறுநீர், வாந்தி ஆகியவற்றில் மருந்து கலந்து வெளியேறும் என்பதால் அதைத் துடைப்பவர் கையுறை போட்டுக்கொள்வதும், கழிவறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுவதும் போதும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலைப் பங்கீடு. இங்கே ‘உதவி’ என்ற சொல்லை நான் வெறுக்கக் கற்றுக்கொண்டேன். உதவுகிறவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி ‘அந்தச் சட்டை எங்கே?’, ‘இந்த ஃபாரத்தில் என்ன எழுதணும்?’ என்று கேட்பார்; கை அவருடையது, மூளை உங்களுடையது. கீமோவால் மங்கிய மூளைக்கு அந்தக் கேள்விகளே பெரிய செலவு. ஆகவே ஒரு வேலையைக் கொடுத்தால் அதன் முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். பள்ளிக்கூடம் முழுவதையும் என் கணவர் எடுத்துக்கொண்டார். முதல் வாரமே மகனைத் தவறான நாளில் விளையாட்டுச் சீருடையில் அனுப்பினார். நான் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த வாரத்தின் மிகப் பெரிய சாதனை. வாயைத் திறந்திருந்தால் பள்ளிக்கூடம் மறுபடியும் என் தலைக்கே வந்திருக்கும்.

தொலைபேசிக்கு ஒருவரை வையுங்கள். என் அண்ணி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். உறவினர்கள் எல்லோரும் அவரையே அழைக்க வேண்டும், வாரம் ஒருமுறை அவர் எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புவார். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்கிறவர்களுக்காகவும் அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது: செவ்வாய் மாலை மகனை அழைத்து வருவது, மருந்துக் கடைக்குப் போவது, இரண்டாம் வாரத்தில் காலை மூன்று மணி நேரம் வீட்டில் இருப்பது. உங்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் சுற்றில் ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். அவர் கேட்க மாட்டார். நீங்களே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

நான்காம் படி: படைப்பு வேலைக்கு மிச்சத்தைக் கொடுக்காதீர்கள்

ஆரோக்கியமான நாட்களிலேயே பெண்களின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் கிடைப்பது எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதுதான். நோய்க் காலத்தில் மிச்சம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. இரண்டாம் வாரத்தில் உங்கள் எண்கள் எந்த நேரத்தில் உயர்கின்றனவோ அந்த நேரத்தில், எனக்கு அது காலை ஒன்பதரை முதல் பத்தேகால் வரை, வேறு எதற்கும் முன்பாக அந்த வேலையைச் செய்யுங்கள். நாற்பத்தைந்து நிமிடம் போதும். மகள் ஓர் அட்டையில் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் சிவப்பும் தீட்டிக் கதவில் தொங்கவிட்டாள். சிவப்பு திரும்பியிருந்தால் ரத்தமோ நெருப்போ இருந்தால் மட்டுமே தட்ட வேண்டும் என்று தம்பிக்கு அவளே விளக்கமும் சொன்னாள். முடியும் நேரம் கடிகாரத்தில் தெரிந்ததால் அவனும் காத்திருந்தான். ‘கொஞ்ச நேரம்’ என்பது பிள்ளைகளுக்கு நேரமே இல்லை. ‘பெரிய முள் மூன்றுக்கு வரும்போது’ என்பது நேரம்.

வேலையை மூன்று தட்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் புதிதாக உண்டாக்கும் வேலை: முதல் வரைவு, புதிய ஓவியத்தின் அமைப்பு, புதிய மெட்டு. இரண்டாவதில் திருத்தம், நிறம் தீட்டுதல், பயிற்சி, பழைய தையலைத் தொடர்தல். மூன்றாவதில் பென்சில் சீவுதல், படங்களை அடுக்குதல், பழைய குறிப்புகளைக் கோப்பில் போடுதல், நூல்கண்டு சுற்றுதல். மனத்துக்கு நான்கு எண் போட்ட நாளில் முதல் தட்டு, மூன்று என்றால் இரண்டாவது, இரண்டு என்றால் மூன்றாவது, அதற்கும் கீழே என்றால் ஒன்றுமில்லை. மூன்றாவது தட்டை இழிவாக நினைக்காதீர்கள். மேசைக்குப் பழக்கம் விட்டுப் போகாமல் காத்தது எனக்கு அதுதான்.

கீமோ மூளை என்று நோயாளிகள் சொல்லும் மறதியும் சொல் தடுமாற்றமும் உண்மையானவை. மருத்துவர்களும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகு பலருக்கு மெல்லக் குறைகிறது. அதுவரை நினைவை வெளியே வைக்க வேண்டும். எழுந்து போகும்போது அடுத்து வர வேண்டியது என்ன என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு எழுங்கள். ‘அவள் கடிதத்தைப் பிரிக்கவில்லை, தம்பி பார்த்துவிட்டான், இனி பேச்சு’ என்று எழுதிவைத்தால் ஒன்பது நாள் கழித்து வந்தாலும் வழி தெரியும். கதாபாத்திரங்களின் பெயர், வயது, நிறக் கலவையின் அளவு, எந்த நூல், எந்த ஊசி, எந்தச் சுருதி என எல்லாவற்றுக்கும் ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள். கை ஓய்ந்திருந்தால் கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் தேதியைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கருவிகளையும் கையையும் சிகிச்சைக்கு ஏற்ப மாற்றுங்கள்

அறுவைக்குப் பிறகு மார்பிலோ அக்குளிலோ வடிகுழாய் இருக்கும். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் எடுக்கப்படும். அந்தக் காலத்தில் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஓவியத்தை நிறுத்தி வைக்கும் சட்டமும் மண்மூட்டையும் தையல் இயந்திரமும் இதில் அடக்கம். கையை அசைக்காமல் வைத்துக்கொள்வதும் தவறு, ஏனெனில் தோள் இறுகிப்போகும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைச் சொன்ன நாளிலேயே தொடங்குங்கள். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை நோக்கிக் கயிறு இழுத்துக் கட்டியது போல ஓர் இறுக்கம் தோன்றும். பயப்படத் தேவையில்லை, ஆனால் காட்டுங்கள். பயிற்சியால் அது தளரும். மேசையைச் சற்றுத் தாழ்த்தி, முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு, செங்குத்தாக நிறுத்தி வரைந்ததைப் படுக்கை வசமாக்கினால் பலருக்கு ஒரு மாதத்துக்குள்ளேயே தூரிகை பிடிக்க முடிகிறது.

நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்ட பக்கத்துக் கை நீண்ட காலத்துக்குக் கவனம் கேட்கும். அதில் ஏற்படும் சிறு வெட்டும் கிருமித்தொற்றும் நிணநீர் வீக்கத்துக்கு, அதாவது நிணநீர் வடியாமல் கையில் தேங்கி வீங்குவதற்கு, காரணமாகலாம். தைப்பவர்கள் விரல் கவசம் போடாமல் ஊசியைத் தொடாதீர்கள். மரத்திலோ லினோலியத்திலோ செதுக்குபவர்கள் கையுறை போடுங்கள். வெட்டு பட்டால் உடனே கழுவி மருந்திடுங்கள். மோதிரம் இறுகுவது, கை கனப்பது போன்ற உணர்வு முதல் அறிகுறியாக வரக்கூடும். வீங்கட்டும் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

விரல் நுனி மரத்துப்போவதை எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டும். பாக்லிடாக்செல், டோசிடாக்செல் ஆகியவை கை கால்களின் நுனி நரம்புகளைத் தாக்கக்கூடும்: முதலில் ஊசி குத்துவது போன்ற கூச்சம், பிறகு மரத்துப்போதல், பொத்தான் போட முடியாமை. எனக்கு அது ஒரு பென்சிலில் தெரிந்தது. மென்மையான பென்சிலால் நிழல் தீட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழுத்துகிறேன் என்பது விரலுக்குத் தெரியவில்லை, தாள் கிழிந்த பிறகுதான் தெரிந்தது. நான்கு வாரம் யாரிடமும் சொல்லவில்லை, மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். சொன்னபோது மருத்துவர் அளவைக் குறைத்தார். முதலிலேயே சொல்லியிருந்தால் இன்றும் ஆள்காட்டி விரல் நுனியில் இருக்கிற அந்த மரப்பு ஒருவேளை இருந்திருக்காது. கைகளால் வாழ்கிறவர் என்பதை முதல் நாளே சொல்லி, ஒவ்வொரு முறையும் விரல்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். மருந்து ஏறும்போது குளிர் கையுறை அணிவிப்பது சில இடங்களில் உண்டு, கேட்டுப் பாருங்கள். தடித்த பிடியுள்ள பேனா, ரப்பர் சுற்றிய தூரிகைக் காம்பு, பெரிய துளையுள்ள ஊசி போன்றவை உடனடியாகக் கைகொடுக்கும். சூடான பசைத் துப்பாக்கி, இஸ்திரிப் பெட்டி, சூளை ஆகியவற்றிலிருந்து மரத்த விரல்களை விலக்குங்கள். சுடுவது அவற்றுக்குத் தெரியாது.

டர்பன்டைன், பசை, வார்னிஷ் வாசனைகள் குமட்டலைக் கிளப்பும் என்பதால் எண்ணெய் வண்ணக்காரர்கள் அந்தச் சில மாதங்கள் நீர்வண்ணத்துக்கோ பென்சிலுக்கோ மாறலாம். வெள்ளையணுக்கள் குறைந்த நாட்களில் ஈர மண்ணில் வேலை வேண்டாம். அதில் பூஞ்சை வளரும். பாடுபவர்களுக்கு வாய்ப்புண்ணும் தொண்டை வறட்சியும் வரும். முழுக்குரல் எடுக்காமல் மெல்லிய முணுமுணுப்பில் சுருதியைக் காத்துக்கொண்டால் போதும்.

ஆறாம் படி: கீமோ நாற்காலிக்கு உங்கள் உயிரான வேலையைக் கொண்டு போகாதீர்கள்

மருந்து ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், எழுதலாமே என்று தோன்றும். நான் அப்படித்தான் பாதி எழுதிய நாவலின் நோட்டை எடுத்துப் போனேன். மூன்றாம் சுற்றிலிருந்து அந்த நோட்டின் நீல அட்டையைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டியது. குமட்டல் வரும் இடத்தில் இருக்கும் வாசனை, சுவை, பாட்டு, பொருள் எல்லாவற்றையும் உடல் சேர்த்துக் கட்டிக்கொள்ளும். மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே சிலருக்கு வாந்தி வருவது இதனால்தான். அந்த நாவலை வேறு நிற அட்டையிட்ட நோட்டில் படியெடுத்த பிறகே தொடர முடிந்தது. நாற்காலிக்கு மூன்றாம் தட்டு வேலையை, அல்லது பின்னால் வெறுத்துப் போனாலும் இழப்பில்லாத ஏதாவது ஒன்றைக் கொண்டு போங்கள். மிகப் பிடித்த இசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: வெளியாருக்குக் கொடுத்த வாக்குகளைக் குறையுங்கள்

பதிப்பாசிரியர், வாடிக்கையாளர், குழுவினர் ஆகியோரிடம் நோயின் விவரம் முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை; ‘மருத்துவக் காரணத்தால் இந்தத் தேதிவரை என் வேகம் பாதியாக இருக்கும்’ என்ற ஒரு வரி போதும். தேதி கொடுக்கும்போது சுற்றின் கடைசி வாரத்தில் கொடுங்கள், அதிலும் ஒரு சுற்றைத் தள்ளிக் கொடுங்கள், ஏனெனில் ரத்த எண்ணிக்கை குறைவாக இருந்தால் கீமோவே ஒரு வாரம் தள்ளிப் போகும். வருமானம் இந்த வேலையிலிருந்துதான் என்றால், எந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவது, எதைக் கைவிடுவது என்ற முடிவைச் சிகிச்சை தொடங்கும் முன்பே, தலை தெளிவாக இருக்கும்போது, குடும்பத்துடன் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: நோயை எழுதுவதா என்ற கேள்விக்கு அவசரப்பட வேண்டாம்

‘இதையெல்லாம் எழுது, நல்ல அனுபவம்’ என்று சொல்ல ஒருவராவது வருவார். எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். ஆங்கில நாவலாசிரியர் ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் மார்பக அறுவை நடந்தது. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய காலம், விழித்திருந்தபடியே எல்லாம் நடந்தது. கணவரையும் மகனையும் அந்த நேரத்தில் வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார். தன் சகோதரி எஸ்தருக்கு அதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் அடுத்த ஆண்டில்தான், அதுவும் மாதக்கணக்கில் விட்டு விட்டு எழுதப்பட்டது. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் துணிவு தனக்கு இல்லை என்றும் குறிப்பிட்டார். 1814இல் அவருடைய அடுத்த நாவல் வந்தது, 1840 வரை வாழ்ந்தார். அத்தனை பெரிய எழுத்தாளருக்கே அத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

எழுதுவதாக முடிவு செய்தால், வீட்டாரின் பங்கைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். நான் வரைந்த ஒரு படத்தில் மகள் என் தலையை மழித்துவிடும் காட்சி இருந்தது. அவள் பார்த்துவிட்டு, ‘நீங்க வச்சுக்கோங்க, வெளியே காட்டாதீங்க’ என்றாள். அது இன்றும் அலமாரியில் இருக்கிறது. என் நோய் என்னுடையது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் முகம் அவளுடையது.

ஒன்பதாம் படி: ரேடியேஷனுக்கும் அதற்குப் பின்னுள்ள நாட்களுக்கும் வேறு நாட்காட்டி போடுங்கள்

ரேடியேஷன் பொதுவாக வாரத்துக்கு ஐந்து நாள். மூன்று வாரம் என்பது பல இடங்களில் வழக்கம். சிலருக்கு ஐந்து ஆறு வாரம், தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையும் உண்டு. படுக்கையில் கிடப்பது சில நிமிடங்கள்தான், போய்வருவதில் நாள் உடைந்துவிடும். ஆகவே முடிந்தால் ஒரே நேரத்தைக் கேட்டு வாங்கி, மேசை வேலையை அதற்கு முன்னால் வையுங்கள். களைப்பு கடைசி வாரத்திலும் முடிந்த பிறகு ஓரிரு வாரத்திலும் உச்சத்தைத் தொடும். வீட்டார் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடும் அதே நாளில் நீங்கள் எழுந்திருக்க முடியாமல் இருப்பீர்கள். இதை முன்கூட்டியே சொல்லி, கொடுத்த பொறுப்புகளை இன்னும் ஆறு வாரம் திரும்ப வாங்காதீர்கள். இந்தக் களைப்பு தூங்கினால் தீராதது. தினமும் சிறிது நடப்பது, முரணாகத் தோன்றினாலும், அதைக் குறைக்கிறது. நடந்தும் குறையவில்லை என்றால் ரத்த சோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, பிள்ளைகளின் சிரிப்பும் எட்டவில்லை என்றால் அதை ‘எழுத்தாளரின் மனநிலை’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை தொடங்கினால் நாட்காட்டி மறுபடியும் மாறும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் வகையில் காலையில் விரல் மூட்டுகள் இறுகியிருப்பது பலருக்கு நேர்கிறது. தமோக்சிஃபெனில் இரவில் உடல் கொதித்து வியர்த்துத் தூக்கம் கலையும். தாங்க முடியாவிட்டால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள், மாற்று மருந்து உண்டு. இருபது ஆண்டுகளாக விடியற்காலையில் எழுதிவந்த நான் இப்போது பதினொரு மணிக்கு, விரல்களை வெந்நீரில் ஐந்து நிமிடம் நனைத்த பிறகு உட்காருகிறேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பதால் கதவில் அட்டைக்கு வேலையே இல்லை. ஆனாலும் மகன் கிளம்பும் முன் அதைச் சிவப்புக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போகிறான்.